பாய்க்குள் மலாக்கி

என் தம்பி மலாக்கியின் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஐயா. என்னுடையது நேராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன்.

அவனுக்குப் பதினாறு வயது. மூளை கொஞ்சங்கொஞ்சமாகக் கரைகிற நோய். இன்னும் இரண்டு வருடம்தான் என்று ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அவன் அழவில்லை. மறக்கக்கூடாததையெல்லாம் இடது கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். "யாரு நீ? என் கையில உன் பேரே இல்லியே, வெளிய போ" என்று என்னையே வம்புக்கு இழுப்பான். அம்மா அப்பா இல்லை. கிழங்கு மசித்து ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் நான்தான்.

அந்தத் திங்கட்கிழமை தோட்டத்துப் பாதையில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். எங்கள் ஊர்ப் பெரியவர் வயேலுவா சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனார். மலாக்கி பக்கத்து இருக்கையில் இருந்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. நான் ஜெயிலுக்குப் போனால் அவனை யார் பார்ப்பார்கள்? நோயாளிப் பையனை யாரும் ஜெயிலில் போடமாட்டார்கள். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

அவன் கையில் ஒரு வரி எழுதினேன்: "வண்டியை ஓட்டியது நான்." மூன்று நாள், ஊட்டிய ஒவ்வொரு வாய்க்கும் அதைச் சொல்லவைத்தேன். "நானாக்கா ஓட்டினேன்?" என்று முதல் நாள் கேட்டான். மூன்றாம் நாள் கேட்கவில்லை, அழுதான்.

நான்காம் நாள் விடியலில், நம் தீவு வழக்கப்படி, பெரியவர் வீட்டு முன்னால் அவனை உட்காரவைத்துக் குடும்பப் பாயைத் தலைக்கு மேல் போர்த்தினேன். குற்றம் செய்தவன் பாய்க்குள் குனிந்திருப்பான்; செத்தவர் வீட்டார் வெட்டினாலும் வெட்டலாம். பாயை விலக்கினால் மன்னிப்பு. பெரியவரின் மனைவி லெய்ட்டு அம்மாள் விலக்கினார். "எந்திரி ராசா, வீட்டுக்குப் போ" என்று கட்டிக்கொண்டார். நானும் அழுதேன். முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்றை யோசிக்காமல் விட்டேன். குற்றத்தை நூறு தடவை சொல்லிக்கொடுத்தேன்; மன்னிப்பு ஒரே தடவைதான் நடந்தது. அது அவன் நினைவில் நிற்கவில்லை. இப்போது என் பெயரும் தெரியாது. மை மங்கினால் அந்த ஒரு வரியின் மேலேயே பேனாவை ஓட்டிப் புதுப்பித்துக்கொள்கிறான். தினமும் விடிந்ததும் படுக்கைப் பாயைத் தலையில் போட்டுக்கொண்டு லெய்ட்டு அம்மாள் வாசலில் போய்க் குனிகிறான். அவரும் தினமும் விலக்குகிறார். நேற்று அவன் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். "மத்ததெல்லாம் கோணலா இருக்கு. இது யாரு எழுத்துடி, லாங்கி?" என்று என்னைக் கேட்டார்.

என் எழுத்துதான். ஓட்டியதும் நான்தான். அதற்காகப் பாய்க்குள் குனியமாட்டேன். அவனுக்காகச் செய்தேன், இன்னொரு தடவை என்றாலும் செய்வேன்.

இத்தனை மாதமாக அவனை ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எதற்குத் தடுக்க வேண்டும்? காலையில் கொஞ்சம் நடந்தால் அவன் உடம்புக்கு நல்லதுதானே.