ஒட்லைவ் வீட்டு ஈஸ்ட்

என் அக்கம்பக்கத்தாரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. பனி கொட்டினால் தங்கள் வாசலைத் தொடுவதற்கு முந்தியே என் வாசல் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ பகையில் செய்தேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

காப்பி ஆறுவதற்குள் குடியுங்கள், இங்குன். ஆராய்ச்சிக்காக பேர்கன் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஊரில் எல்லா வீட்டு ஈஸ்ட்டையும் எடுத்துப் பார்த்தால், அத்தனையும் மளிகைக்கடை ரொட்டி ஈஸ்ட்டாக இருக்கிறது, யாரிடம் வாங்கினீர்கள் என்றால் எல்லாரும் என் பெயரைச் சொல்கிறார்கள், இது எப்படி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் ஆயுசு முழுக்க வீட்டுக் காப்பீட்டு வேலை பார்த்தவன். விபத்து எது, கவனக்குறைவு எது, வேண்டுமென்றே செய்தது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

இங்கே யாரும் வயிற்றுப்பாட்டுக்காக பீர் காய்ச்சுவதில்லை. பக்கத்து வீட்டு ஸ்டைனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், ராக்னா பல் டாக்டர். ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கினால் எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் புகை வரும். புளித்து முடிந்து பீப்பாய் திறக்கிற அன்று மற்ற வீட்டார் எல்லாரும் போய் நின்று, ஒரே மரக்கிண்ணத்தைக் கைமாற்றிக் குடிப்போம். பீர் பிரமாதமாக இருந்தால் "மோசமில்லை" என்போம். அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்கள் பக்கத்தில் கிடையாது. வாயில் வைக்க வழியில்லை என்றால் "வித்தியாசமா இருக்கு" என்போம். அந்த வார்த்தையைக் கேட்டவன் அடுத்த கிறிஸ்துமஸ் வரை தலைகுனிந்துதான் நடப்பான்.

எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று, தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து வருவது. ஒரு பங்கு ஜாடியில் குளிர்ச்சியாக இருக்கும், இன்னொரு பங்கைக் காயவைத்துச் செதில் செதிலாகப் பையில் போட்டு வைப்போம். எப்போதாவது செத்துப்போனால் பக்கத்து வீட்டில் காலி ஜாடியை நீட்டிக் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ஸ்டைனார் பலமுறை அப்படிக் கேட்டவன். எங்கள் குடும்பத்தில் மட்டும் யாரும் யாரிடமும் கேட்டது கிடையாது. இதை நான் ஒவ்வொரு பீப்பாய் திறப்பிலும் சொல்வேன். பெருமைக்கு இல்லை, ஒரு தகவலாக.

இனி விபத்துக்கு வருகிறேன்.

ஈஸ்ட்டைப் போடும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பேய் பிசாசு அண்டாது, கத்தலின் பலம்தான் பீரின் பலம் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் ஸ்டைனார் என்னைவிட உரக்கக் கத்துகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்த வருஷம் இரண்டு பேரும் ஒரே நாளில் காய்ச்சினோம். முளைகட்டிய பார்லியை ஊறவைத்துக் காய்ச்சிய என் மால்ட் தண்ணீர் அடுப்பிலிருந்து இறக்கி ஆறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் கத்த ஆரம்பித்துவிட்டான். பஸ் ஹாரன் கெட்டது போங்கள். அவனை மிஞ்சி நான் கத்தியாக வேண்டும். கத்தினேன், ஈஸ்ட்டையும் கொட்டினேன். சூட்டைப் பார்க்கவில்லை.

நுரை எழும்பவில்லை. தூங்குகிறது போலிருக்கிறது என்று காய்ந்த கையிருப்பையும் அதே கொதிநீரில் கொட்டி, இன்னொரு தடவை கத்தினேன். வேலிக்கு அப்பாலிருந்து ஸ்டைனார் கேட்டான்: "என்னடா ஒட்லைவ், எதையாவது கால்ல கீல்ல போட்டுக்கிட்டியா?"

அதற்குப் பிறகுதான் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தச் சூட்டில் எந்த ஈஸ்ட்டும் பிழைக்காது.

என் மனைவி குன்வோர் தன்மையாகத்தான் சொன்னாள். "அவன்கிட்டப் போய்க் கொஞ்சம் கேளேன். அவன் எத்தனை தடவ மத்தவங்ககிட்டக் கேட்டிருக்கான்? நாலு வீடு தள்ளிக்கூட இல்ல, வேலியத் தாண்டினா போச்சு."

அவள் வேறு ஊரிலிருந்து வந்தவள். நான் காரை எடுத்துக்கொண்டு யாருக்கும் என்னைத் தெரியாத ஊருக்குப் போய் ரொட்டி ஈஸ்ட் வாங்கி வந்தேன்.

பீப்பாய் திறந்தபோது கிண்ணம் சுற்றி வந்தது. ஸ்டைனார் ஒரு மடக்குக் குடித்தான், உத்தரத்தைப் பார்த்தான். "வித்தியாசமா இருக்கு" என்றான். ராக்னா மட்டும் வாயில் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு விழுங்கிவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தாள். சொல்வதற்கென்ன, ஸ்டைனார் சொன்னதைவிட அந்தத் தட்டல்தான் அதிகம் வலித்தது.

நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். என் பீர் கெட்டுப்போகவில்லை, மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது, அவ்வளவுதான். எல்லாருடையதும் ஒரே மாதிரி இருந்துவிட்டால் வித்தியாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணக்கு அத்தனை சுலபம்.

முதலில் ஸ்டைனார் வீடு. எந்த நிலவறையில் எது எங்கே இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காப்பீட்டுக்காக எல்லாவற்றையும் பார்வையிட்டவன் நான். அவன் வீட்டில் பீப்பாய் திறந்து எல்லாரும் பாடிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்க்கோடு கீழே இறங்கினேன். பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ஜாடியில் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, மேலே நின்றதை வடித்துவிட்டு, ஜாடியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். ஈஸ்ட்டுக்கு வலி தெரியாது என்று எங்கோ படித்திருக்கிறேன். காய்ந்த செதிலை எடுத்துக்கொண்டு அந்தப் பையில் ஓட்ஸைப் போட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எடுத்ததை என் கோழிகளுக்குப் போட்டேன்.

அதில் ஒரு சிட்டிகையை நானே பயன்படுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. அது திருட்டு ஆகும், இங்குன். அப்படிப்பட்ட ஆள் இல்லை நான்.

அடுத்த முறை ஸ்டைனார் காய்ச்சியபோது நுரை எழும்பவில்லை. பாவம், கத்திக் கத்திப் பார்த்தான். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. பிறகு காலி ஜாடியோடு என் வாசலில் வந்து நின்றான்.

"சிரிக்காதடா. மறுபடியும் செத்துப்போச்சு. இந்தத் தடவ கையிருப்பும் சேர்ந்து போச்சு. என் கையில என்ன கோளாறோ தெரியல."

"சிரிக்கல. உள்ள வா" என்றேன்.

எங்கள் குடும்ப ஜாடியிலிருந்து தாராளமாக ஊற்றிக் கொடுத்தேன். எத்தனை தலைமுறை ஈஸ்ட் என்பதையும் நினைவூட்டினேன். மறுநாள் உலர்ந்த ஆட்டுத்தொடை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று வாங்கிக்கொண்டேன்.

பாக்கி வீடுகளிலும் அதே வேலைதான், விரித்துச் சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். எல்லாரும் என்னிடம் வந்தார்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ராக்னா வீடு ஒன்றுதான் மிச்சம்.

அவள் ஈஸ்ட்டை வீட்டில் வைப்பதில்லை. க்ளினிக் குளிர்ப்பெட்டியில், மரத்துப்போகிற ஊசி மருந்துக்குப் பக்கத்தில், ஜாடி ஒன்று, பை ஒன்று. எனக்கும் ஒரு கடைவாய்ப் பல் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. போனேன். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கண்ணாடியை விட்டபடி சாதாரணமாகப் பேசினாள்.

"உன் ஈஸ்ட் செத்துப்போச்சுல்ல, ஒட்லைவ்? அன்னிக்கே நாக்குல தெரிஞ்சுது. ரொட்டி வாசனை. நான் யார்கிட்டயும் சொல்லல." பல்லைத் தட்டிப் பார்த்தாள். "என்னோடது கொஞ்சம் தர்றேன், எடுத்துட்டுப் போ. உங்க அப்பாவோடதுக்கு இது ரொம்பக் கிட்ட வரும். நீ கேக்க வேண்டாம்பா. சும்மா தலைய ஆட்டு, போதும்."

என்னால் பேச முடியாது, வாய் நிறையச் சாமான்கள். தலையை ஆட்டுவதற்கு மட்டும் ஒரு தடையும் இல்லை. அவள் காத்திருந்தாள். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. ஊசி குத்தியதால் என்று அவளிடம் பிறகு சொன்னேன். அவள் இன்னும் ஊசியே போட்டிருக்கவில்லை.

நான் தலையை ஆட்டவில்லை.

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு எக்ஸ்ரே எடுத்துவரப் பக்கத்து அறைக்குப் போனாள். குளிர்ப்பெட்டி நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது, பிளாஸ்க் என் கோட்டுக்கு அடியில் இருந்தது.

இதைத்தான் வேண்டுமென்றே செய்தது என்ற பிரிவில் சேர்க்க வேண்டும் என்பீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் என் நிலையையும் பாருங்கள். மற்றவர்களிடம் இருந்தது ஈஸ்ட் மட்டும். அவளிடம் என்னைப் பற்றிய உண்மையும் இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளும் வந்தாள். வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊர்ல வேற யார்கிட்டப் போறது? எல்லார்கிட்டயும் உன்னோடதுதான இருக்கு" என்றாள். ஜாடியை நிரப்பிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தாள். நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் பீர் காய்ச்சவே இல்லை. அது அவளுடைய சொந்த முடிவு.

இங்கே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஊர் எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று சொல்வார்கள். எந்த வீட்டில் குடித்தாலும் ஒரே ருசி, எல்லாரும் எல்லாருக்கும் "மோசமில்லை" சொல்கிறார்கள். என்னைக் கண்டால் தொப்பியைத் தூக்குகிறார்கள். நான் யாருக்கும் கெடுதல் செய்ததாக எனக்குப் படவில்லை.

நீங்கள் அந்த நீலப் பெட்டியை மேசைமேல் வைக்கும்வரை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால், இதெல்லாம் நடப்பதற்கும் முந்தி, உங்கள் ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு ஈஸ்ட் எடுத்துப் போய் பேர்கனில் உறையவைத்தார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஸ்டைனாருடையது பத்திரம், ராக்னாவுடையது பத்திரம், எல்லாருக்கும் அவரவருடையதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறீர்கள். நல்லது. சந்தோஷம்தான். பெட்டியில் என் பெயருக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். தெரியும். அன்று வந்த பையனுக்குக் காப்பி கொடுத்து, எங்கள் வீட்டு ஈஸ்ட் ஊர் சுற்றாது என்று சொல்லி அனுப்பியவன் நானேதான். ஆக, இந்தப் பள்ளத்தாக்கில் நிஜமாகவே செத்துப்போனது ஒன்றே ஒன்று.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

கீழே போகிற வழியில்தான் ராக்னா வீடு. அவளுடையதைக் கொடுக்கும்போது குப்பியில் கொஞ்சம் மிஞ்சக்கூடும். அதைப் போய்த் திரும்பவும் பேர்கனுக்குச் சுமப்பானேன்? எங்கள் வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. திரும்பி வரும்போது அதன்மேல் எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனீர்கள் என்றால் என்ன ஏது என்று நான் விசாரிக்க மாட்டேன். இதை நான் கேட்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்டது கிடையாது.