ஆபீசர் பாட்டு

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் இளம்பெண், பக்கத்தில் அவள் ஊர்க்காரர் ஒருவர். அவள் மடியில் லேப்டாப்.

“ஆபீசர் குரல இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டணும்ணே,” என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“அதுல இன்னா பேசறாரு?”

“‘மனு குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்.’ அவ்ளோதான். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஆறு தபா போனோமே, ஆறு தபாவும் அதேதான் சொன்னாரு. போன்ல புடிச்சி, அடியில பீட்டு வெச்சேன்.”

“திருவிழாவுல டிஜே செட்டுல போட்டது அதானா? பசங்க அம்மாம் ஆட்டம் ஆடுனானுங்களே.”

“பாதைய அடைச்சி வேலி போட்டவரு பையனும் ஆடுனான்ணே.”

அவர் சிரிக்கவில்லை. “போலீசு வந்து இன்னா கேட்டாங்க?”

“யாரு பாடுனதுன்னாங்க. ஆபீசருதான்னேன். போயிட்டாங்க.”

“இப்ப நம்மளப் பாத்தா அவரு வாயே தொறக்கறதில்லியாம்.”

“ஆமாண்ணே, தலைய மட்டும் ஆட்டறாரு. அதனால அடுத்த பாட்டுல பேச்சே கெடையாது. அவரு ரூம்ல ஃபேன் ஓடற சத்தம், பைல் பொரட்டற சத்தம், ரெண்டும் புடிச்சிக்கினு வந்துட்டேன். சீல் குத்தற சத்தம்தான் பாக்கி.”

“ஏன், அங்க தெனமும் குத்திக்கினுதான இருக்காங்க?”

“நம்ம மனுவுல குத்தற சத்தம்தாண்ணே வேணும். அதுவரைக்கும் அந்த எடத்த காலியா வுட்டுருக்கேன்.”

அவர் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். முன்கம்பியில் தாளம் போட்ட விரல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றது.