பாட்டுப் படித்த புருஷன்

அறுபதுகளில் ஒரு பொங்கலுக்கு மறுநாள், சிவகாசியில் மேட்னி பார்த்துவிட்டு விருதுநகர் பஸ் ஏறினேன். முன்சீட்டில் திருத்தங்கலுக்கு டிக்கெட் வாங்கியிருந்த அக்காளும் தங்கையும் அதே படத்தைப் பேசினார்கள்.

"பிரிஞ்ச புருசன் ஒரு பாட்டுப் படிச்சானாம், ஒடனே பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாளாம். வெக்கங்கெட்டவ," என்றாள் தங்கை.

"நீ கோவிச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு. ஒம் புருசன் படிச்சா போக மாட்டியாக்கும்?"

"வாயத் தெறந்து பேசவே மாட்டாக. அவுக எங்க படிக்கப் போறாக, அக்கா?"

பின்சீட்டில் ஒருவர் செருமிக்கொண்டு அந்தப் படத்தின் பாட்டை ஆரம்பித்தார். இரண்டாவது அடியிலேயே கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அவுகதான்க்கா," என்றாள் தங்கை, திரும்பாமலே. "நிப்பாட்டச் சொல்லு. நாளைக்கு வாரேன்."

"இன்னைக்குன்னா நிப்பாட்டுதேன்," என்றார் அவர்.

திருத்தங்கலில் அக்காள் மட்டும் இறங்கினாள்.