வளையம் அழிந்த மீன்

— சுப்பராயலு அண்ணா, முடிச்சூர்லேருந்து சாராள் டீச்சர் பேசுறேன். நீங்க குடுத்த சின்ன ஏஞ்சல் மீன் மேல வெள்ளை வளையமெல்லாம் அழிஞ்சு மஞ்சக் கோடு வருது.

— மஞ்சக் கோடா? நல்லா பாத்தீங்களா டீச்சர்?

— பெரிய மீன் மாதிரியே ஆயிட்டு வருது. அது இதைத் தொரத்தித் தொரத்திக் கடிக்குது. வால் பாதி இல்ல. பாறை இடுக்குல நடுங்கிட்டு நிக்குது.

— அய்யோ, பேஜாராப் போச்சே! வேற ஜாதி, கோரான் ஏஞ்சல்னு நென்சுகினு குட்த்துட்டேன். குட்டில ரெண்டும் நீலத்துல வெள்ளக் கோடாத்தான் கீது. இது எம்பரரு. உங்க வூட்டுப் பெர்சோட அதே ஜாதி.

— அதே ஜாதின்னா ஒத்துமையா இருக்காதா?

— அங்கதான் மேட்டரே கீது. குட்டி கலர்ல கீறவரிக்கும் பெர்சு கண்டுக்காது. தன்னோட கலர் வந்துச்சுன்னா, தொட்டி என்னுதுன்னு அடிக்க வந்துரும். ஒண்ணு சாவுறவரிக்கும் வுடாது.

— சாகுறவரைக்குமா?

— ஆமா டீச்சர். இன்னா, அழுவுறீங்களா?

— எங்க பையன் ஜேசனுக்கு இப்பதான் மீசை அரும்புது அண்ணா. காலைல இவர் என்னை அடிக்க ஓங்கின கையைப் பிடிச்சுட்டான். இத்தனை வருஷத்துல முதல் தடவை.

— சார் இன்னா சொன்னாரு?

— கத்தல, திட்டல. அதான் பயமா இருக்கு. 'சாயங்காலம் வந்து வச்சுக்கறேன்'னுட்டு ஆபீஸ் போயிட்டார். இப்ப சானடோரியம் ஸ்டேஷன் தாண்டிட்டேன்னு மெசேஜ் வந்திருக்கு.

— அப்ப தாம்பரம் வந்துருப்பாரே.

— பெரிசை எடுத்துட்டா சரியாயிடாதா?

— அது லேசுல வலைல மாட்டாது டீச்சர். இப்போதிக்கி சின்னத காப்பாத்தணும். தம்பிகிட்ட சொல்லி, தொட்டித் தண்ணியவே பக்கெட்ல புட்ச்சு அதுல வுட்டு, கடைக்கி எட்த்தாரச் சொல்லுங்க.

— அவனால வர முடியாது.

— சரி வுடுங்க, தப்பு என்னுது. நானே வலை எட்த்துகினு வண்டில வர்றேன். இங்க பார்வதி நகர்லேருந்து எவ்ளோ நேரம் ஆவப்போவுது?

— வாங்கண்ணா, சீக்கிரம் வாங்க. உங்க வீட்டுப் பச்சையம்மா அக்காவையும் கூட்டிட்டு வாங்க.

— அவ எதுக்கு?

— சின்னதை உங்க வீட்லதானே வச்சுக்கணும்.

— தனித் தொட்டி ரெடியா கீது டீச்சர், ஒண்ணும் ஆவாது. தோ, வலைய எட்த்துட்டேன்.

— வலை வேணாம் அண்ணா, சுத்தியல் எடுத்துட்டு வாங்க. ஜேசனை ரூம்ல வச்சுப் பூட்டிட்டு, சாவியை அவர் கையோட கொண்டு போயிட்டார்.