இரும்பு போல நடப்பது

கறுப்புச் சாயம் நன்றாகக் காய ஆறு மணி நேரம் பிடிக்கும். நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

கண்காட்சிக் கூடத்தின் கூரையிலிருந்து தொங்கிய உருண்டை பெரிய பூசணிக்காய் அளவு. பார்த்தால் இரும்பு, தொட்டால் பஞ்சு. மோட்டார் அதைப் பின்னால் இழுத்துவிடும். அது கனமாக ஆடி வந்து, எதிரே நிற்பவர் தலையில் மெத்தென்று மோதும். பஞ்சைக் கனமாக நடக்க வைப்பதுதான் கஷ்டம். அதைச் செய்தவள் நான். சுவரில் சிற்பியின் பெயர் மட்டும் இருந்தது. அந்த வயிற்றெரிச்சலில் இதைச் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வைத்தார். திறப்பு நாளன்று, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்க்க வந்தார். சிற்பி அவரிடம் ஒன்றும் சொல்லாமல் உருண்டைக்கு நேரே நிறுத்தினார். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கூடமே சிரித்தது.

"என்ன பெரியவரே, பஞ்சுக்கே உயிர் போயிடுச்சா?" என்றார் சிற்பி.

அப்பாவும் சிரித்தார். ஏன் சிரித்தீர்கள் என்று பேருந்தில் கேட்டேன். "உன் வேலை போயிடக் கூடாதுல்லம்மா," என்றார்.

பாரம் மேலே விழுந்தால் என்னாகும் என்று அப்பாவுக்குத் தெரியும். சிற்பிக்குத் தெரியாது. தெரிய வைக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அதே அளவில் இரும்பில் வார்க்கக் கொடுத்தேன். சாயம் நானே பூசினேன். மோட்டாரை மாற்றி, கப்பி வைத்து ஏற்றி மாட்டினேன். ஆட்டிப் பார்த்தபோது திருத்த ஒன்றுமே இல்லை. இரும்பு தானாகவே இரும்பு போல நடந்தது.

தினமும் வந்தவர்களுக்குச் செய்துகாட்ட, முதலில் உருண்டைக்கு முதுகைக் காட்டி நிற்பவர் சிற்பிதான். அன்று மழைக்கு ஒதுங்கிய ஒரு முதியவரைக் கண்டதும் அவருக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. தோளைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினார். முதியவர் என்னைப் பார்த்தார்.

"வலிக்குமாம்மா?"

வலிக்காது என்றேன். எல்லாரிடமும் தினமும் சொல்வது, வாயில் தானாக வந்துவிட்டது.

"போடும்மா," என்றார் சிற்பி.

வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்பாவின் காதுக்குப் போகும். பொத்தானை அழுத்தினேன்.

முதியவர் தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னதை நம்பி நேராக நின்றார். அவர் விழுந்ததும் முதலில் எல்லாரும் சிரித்தார்கள்.

சிற்பியைக் கூப்பிட்டு விசாரியுங்கள். ஆளை நிறுத்தியது அவர், போடச் சொன்னதும் அவர். சம்பளத்துக்கு இருக்கிறவள் முடியாது என்று சொல்ல முடியுமா?