ஒன்று, மூன்று, இரண்டு

பழைய இரும்புக் கடையைக் கண்டால் என் தம்பிக்குக் கால் நகராது, சார். அந்தச் சாணை மெஷினையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு வந்தான். பெயர்த் தகடு இல்லை. யார் செய்தது, எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் சுற்றும், எதுவும் எழுதியிருக்கவில்லை.

"எந்தக் காலத்துப் பொணம்டா இது?" என்றேன்.

"பொணமில்லண்ணா, தூங்குது. நீ எழுப்பி மட்டும் விடு."

எங்கள் பட்டறையில் மோட்டார் வேலை என்னுடையது, லேத் வேலை அவனுடையது. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான்தான். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான்.

மெஷினின் வயர்ப் பெட்டியைத் திறந்தால் மூன்று வயர்கள். அப்படியென்றால் மூன்று ஃபேஸ் மோட்டார், அதுவரை சுலபம். நிறமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. சாணைக் கல்லை மாட்டாமல் வெறும் மோட்டாரை ஓட்டினோம். சரியான பக்கம்தான் சுற்றியது. வரிசை மாறாமல் இருக்கத் தம்பி நூல் கட்டினான். முதல் வயருக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று.

"இனிமே இத வெச்சு நான் தனியாக் கடை போட்டுடுவேண்ணா. பக்கத்து ஊர்ல இடம்கூடப் பாத்துட்டேன். எத்தனை நாளைக்கு உன் முதுகிலேயே உக்காந்திருக்கறது?"

எனக்கு முதுகு வலிக்கவில்லை, சார்.

அவன் டீ வாங்கப் போனான். மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கல்லைப் பிடித்திருக்கும் நட்டு, சரியான பக்கம் சுற்றினால் இறுகும். அதற்காகத்தான் ஒரு முனையில் வலம்புரி மரை, மறுமுனையில் இடம்புரி. எதிர்ப்பக்கம் சுற்றினால் அது தானாகவே கழன்றுகொள்ளும். இரண்டு வயரைத்தான் மாற்றினேன். பெட்டியை மூடினேன்.

தம்பி வந்து கல்லை மாட்டினான்.

"கல்லுக்கு உறை செஞ்சு போட்டுட்டு ஓட்டலாமாண்ணா?"

"முதல்ல கல்லோட ஓடுதான்னு பாருடா."

கல் எகிறி விழுந்து மெஷின் உடையும், அவன் ஆசையும் விட்டுப்போகும் என்றுதான் நினைத்தேன். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சுவிட்ச் அவன் பக்கம் இருந்தது.

இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "நட்டை நான் சரியா இறுக்கலை போலண்ணா," என்றான்.

"விடுடா, யாருக்கும் நடக்கறதுதான்."

அவன் அழுதான். நானும் அழுதேன். அது பொய்யில்லை.

பிறகு நன்றாகத்தான் இருந்தோம். சோறு பிசைந்து ஊட்டுவேன். தலை சீவி விடுவேன். பிடித்துக்கொண்டு நடக்க, கட்டிலிலிருந்து வாசல்வரை கயிறு கட்டிக் கொடுத்தேன். வாசலுக்கு மேல் வேண்டாம் என்று அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நேற்று நான் வெளியே போயிருந்தபோது, பட்டறைக்குள் தடவித் தடவிப் போய் அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறான். நான் திரும்பி வந்தபோது அவன் விரல்கள் முடிச்சுகளின் மேல் இருந்தன.

"ஒண்ணு, மூணு, ரெண்டு," என்றான். பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான்.

மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை அந்த வெல்டர் வீட்டில் தங்க வைக்காதீர்கள், சார். என்னோடு அனுப்பிவிடுங்கள். வேறு யாரையாவது நம்பி விட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும்.