உப்பில்லாத தூக்குவாளி

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பீடிக் கம்பெனி முதலாளி திரு. வைகுண்டராஜ் அவர்களே, பீடி சுற்றும் பெண்கள் சங்கத்தின் செயலாளர் முனீஸ்வரி அக்கா அவர்களே, முன்வரிசையில் இருக்கும், ஆண்டிச்சாமி அண்ணாச்சியின் மனைவி வெள்ளத்தாய் அம்மா அவர்களே, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு இந்தக் குடோன் முற்றத்துக்கு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

என் பெயர் சிவபாண்டி. ஊர் மகாராஜபுரம். ஐந்து வருடமாக இங்கே புகையிலை மூட்டை பிரிக்கிறேன், தூள் சலிக்கிறேன். நம்மை விட்டுப் போன கலவை மேஸ்திரி ஆண்டிச்சாமி அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் பேசிய முதலாளி, அண்ணாச்சியின் இடத்தில் திங்கட்கிழமை முதல் நான் உட்காருவேன் என்று அறிவித்தார். நீங்கள் தலையாட்டினீர்கள். ஆனால் அவர் என்னைக் கேட்டபோது நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் சொல்கிறேன்.

ஆண்டிச்சாமி அண்ணாச்சி முப்பத்தொரு வருடம் இங்கே என்ன செய்தார்? உங்களில் பலருக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் முன்னூறு பெண்களுக்குத் தூள் பொட்டலமாகத்தான் வரும். அந்தப் பொட்டலத்துக்குள் அவர் இருந்தார். கர்நாடகத்து நிப்பாணியிலிருந்து வரும் புகையிலை ஒரு குணம், குஜராத்திலிருந்து வருவது ஒரு குணம். ஒன்று காரம், ஒன்று இனிப்பு. புதுசாக வரும்போது இரண்டுமே பச்சை நெடி அடிக்கும். மூட்டையைக் கட்டி ஒரு வருடம், சிலதை இரண்டு வருடம் போட்டு வைக்க வேண்டும். அண்ணாச்சி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார். உள்ளே சூடு அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்து பார்ப்பார். பச்சை நெடி போய்ப் புதுக் கருப்பட்டி வாசம் வந்திருந்தால் சாக்கில் சாக்பீஸால் ‘எடுக்கலாம்’ என்று எழுதுவார். வரவில்லையென்றால் ‘இருக்கட்டும்’. இந்த இரண்டு வார்த்தைதான் அவர் குடோனில் அதிகம் பேசியது. அதையும் சாக்கிடம்தான் பேசினார்.

அதற்குப் பிறகு கலவை. மூன்று பங்கு இது, ஒரு பங்கு அது, ஒரு கை பழைய தூள். கலந்ததைத் தானே ஒரு பீடியாகச் சுற்றிப் பற்ற வைப்பார். முதல் இழுப்பை விட்டுவிடுவார். இரண்டாவது இழுப்பைத் தொண்டையில் நிறுத்தி, மூக்கு வழியாக மெதுவாக விடுவார். சரியில்லையென்றால் அதை நசுக்கிவிட்டு அடுத்த கலவை, அடுத்த பீடி. ஒரு நாளைக்கு நாற்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விற்கும் பீடியும் சிவகாசியில் விற்கும் பீடியும் ஒரே ருசியாக இருக்க வேண்டுமே, அதற்காக.

மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் மட்டும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார். யார் குழம்பும் வாங்க மாட்டார், யாருக்கும் தர மாட்டார். புரட்டாசிச் சனிக்கிழமை எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்கு நடப்போம். மலையில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, வாங்கின புளியோதரையை அடிவாரத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். ‘பெரிய மேஸ்திரின்னு நெனப்பு’ என்று பேசிக்கொள்வோம்.

நான் வேறு மாதிரி நினைத்தேன். நாங்கள் காலனிக்காரர்கள். என் அக்கா மகாலட்சுமி கல்யாணத்துக்கு அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். மொய் எழுதினார், மணமக்களுக்குத் திருநீறு பூசினார். பந்தியில் உட்காரச் சொல்லி என் அப்பா கையைப் பிடித்தார்.

“இல்லப்பா, வயித்துக்குச் சேராது. பொறவு ஒரு நாளைக்கு வாரேன்” என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் போனதும் அப்பா என்னிடம், “ஏலே, அந்தாளு வயித்துக்கு நம்ம தெருச் சோறு மட்டும்தான் சேராதோ?” என்று கேட்டார்.

எங்களைப் போன்ற வீடுகளில் இந்தக் கேள்வி சும்மா வராது. அவமானம் பட்டு வருவது. அன்றிலிருந்து இரண்டு வருடம், வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை நான் அவரிடம் பேசவில்லை. எட்டடி தூரத்தில் நின்று, எட்டு மணி நேரம், பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன வருடம் அவர் எழுதியது தப்பாக ஆரம்பித்தது. பக்குவமான மூட்டைகளில் எல்லாம் ‘இருக்கட்டும்’ என்று எழுதினார். எதைப் பிடித்தாலும் கசக்கிறது என்றார். தூள் போகாமல் பெண்களுக்கு வேலை நின்றது. அப்போது ஒருவன், அவர் காதில் விழும்படி, “மேஸ்திரிக்கு நாக்குச் செத்துப்போச்சுடே” என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அவன் நான்தான்.

செத்துக்கொண்டிருந்தது நாக்கு இல்லை. தொண்டையில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்தார்கள். கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். கம்பெனி சார்பில் பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் போனபோது வெள்ளத்தாய் அம்மா கறிக்குழம்பு கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்குப் பேச்சு இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டு. ஒரு வாய் விழுங்கிவிட்டு அதில் எழுதினார்: ‘உப்புப் போட்டியா?’

“ரெண்டு மடங்கு போட்டுருக்கேன். ஒறைக்கலையா?” என்றார்கள் அம்மா. அவர் தலையை அசைத்தார். கரண்ட் வைத்ததில் ருசி போய்விட்டது.

வெளியே வராந்தாவில் வைத்து அம்மா என்னிடம் சொன்னார்கள். “முப்பது வருசமா அவிய உப்பு, ஒறப்பு, புளி, காப்பி எதுவும் தொட்டதில்ல தம்பி. பீடியப் பிடிச்சு ருசி சொல்லணும்னா நாக்கு வெறும் நாக்கா இருக்கணும்னு பெரிய மொதலாளி ஆரம்பத்துலயே சத்தியம் வாங்கிட்டாராம். ஞாயித்துக்கெழம ஒரு நாளாவது திங்கக் கூடாதான்னு கேட்டா, திங்கக்கெழம வரைக்கும் நாக்குல நிக்கும்பாவ. எம் புள்ள காதுகுத்துக்குக்கூட வெறுஞ்சோறுதான். இப்ப வேலை இல்லைன்னு ஆனதும் மொத மொத வாயத் தொறந்து கேட்டது இந்தக் கறிக்கொழம்பு.”

நான் உள்ளே போய்க் கேட்டேன். “அண்ணாச்சி, எங்க அக்கா கல்யாணத்துல இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

அவர் நோட்டில் எழுதினார்: ‘யாரு கேட்டா?’

தோழர்களே, முப்பத்தொரு வருடம். இத்தனை பேர். யார் கேட்டோம்?

முதலாளி அவர்களே, உங்களையும் கேட்கிறேன். அந்தச் சத்தியம் உங்கள் அப்பா வாங்கியது. உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘புகைப்பழக்கம் உள்ளவர்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டில் அவர் ஒரு பீடி பிடித்தது உண்டா? அம்மா இங்கேதான் இருக்கிறார்கள், கேளுங்கள். அது பழக்கமா, வேலையா? வேலையால் வந்த நோய் என்று ஒரு கடிதம் கேட்டு நான் உங்கள் ஆபீசில் மூன்று தடவை நின்றேன். மாலையும் பேனரும் வந்திருக்கின்றன. கடிதம் வரவில்லை.

இப்போது அந்த இடம் எனக்கு. நிரந்தர வேலை என்கிறார் முதலாளி. நேற்று முனீஸ்வரி அக்கா வீட்டுக்கே வந்து, “நீ மாட்டேன்னா கடைய இழுத்து மூடிருவாகடே. முன்னூறு பொம்பளைக பொழப்பு” என்று கண்கலங்கினார். அக்கா, நான் அதை லேசாக நினைக்கவில்லை. ஐந்து நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது, பீடி பிடிக்காமல் கலவை பார்க்க முடியாதா என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் நோட்டை வாங்கி எழுதினார்: ‘முக்கால்வாசி கையும் மூக்கும் சொல்லிரும். மிச்சம் கால்வாசிக்குத்தான் தொண்டை.’

என் பதில் இதுதான். கையைத் தருகிறேன். மூக்கைத் தருகிறேன். மூட்டைகளைப் பார்த்து எழுதுவேன், தூள் கலப்பேன், முன்னூறு வீட்டுக்கும் பொட்டலம் போகும். அந்தக் கால்வாசியைத் தர மாட்டேன். ஒரு பீடியும் என் வாய்க்கு வராது. ருசி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இருக்கட்டும். அது போதாது என்றால், முதலாளி அவர்களே, தூள் உங்களுடையது, தொண்டையும் உங்களுடையதாக இருக்கட்டும். இதற்காக என்னை வேலையை விட்டு நிறுத்தினால், அப்போது கேட்க வேண்டியவர்கள் நீங்கள், தோழர்களே. இந்தத் தடவையாவது கேளுங்கள்.

அண்ணாச்சியின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது வழக்கம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அந்தக் கடிதம் கைக்கு வரும் வரை ஆபீஸ் வாசலில் நிற்பேன். அதுதான் என்னால் சொல்ல முடிந்த உறுதி.

இன்னும் ஒன்று. வெள்ளத்தாய் அம்மா இன்று எல்லாருக்கும் சமைத்திருக்கிறார்கள். வாசல் பக்கம் பாய் விரித்திருக்கிறது. கடைசி வரிசையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் என் அப்பா. மகாராஜபுரத்திலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். அண்ணாச்சி ஏன் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை என்று சொன்னதிலிருந்து அவர் என்னிடமும் சரியாகப் பேசவில்லை. அப்பா, போய் உட்காருங்க. நானும் வாரேன். அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் இலை போடுங்க. நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுப் போடுங்க.